இரத்த அழுத்தமும் நினைவாற்றலும்: ஒரு பெரிய ஆய்வு கூறியதும் கூறாததும்

என் பெரியப்பா ஒருநாள் ஓர் உறையை என்னிடம் கொடுத்தார். அதனுள் இரண்டு செய்தித்தாள் நறுக்குகள் இருந்தன. ஒன்றின் தலைப்பு, இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தினால் நினைவாற்றல் காக்கப்படும் என்றது. மற்றொன்றோ, இரத்த அழுத்தத்தை மிகவும் குறைத்தால் மூளை சுருங்கும் என்றது. பெரியப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். "நீ பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன். இதில் எது மெய், எது பொய் என்று பார்த்துச் சொல்" என்றார். இரண்டாவது நறுக்கைப் படித்த நாளிலிருந்து அவர் மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதைப் பெரியம்மா பிறகு தனியே என்னிடம் சொன்னார்.

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் அளவீடுகளையும் அவற்றின் பிழைகளையும் எடைபோடுவது எங்கள் துறையின் அன்றாட வேலை. ஆகவே அந்த இரண்டு செய்திகளின் மூலத்தைத் தேடிப் பார்த்தேன். வியப்பு யாதெனில், இரண்டும் ஒரே ஆய்விலிருந்து பிறந்தவை! ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தேசிய உடல்நல நிறுவனங்களின் நிதியுதவியுடன் நடைபெற்ற 'ஸ்பிரின்ட்' என்னும் ஆய்வும், அதன் கிளையாகிய 'ஸ்பிரின்ட் மைண்ட்' என்னும் ஆய்வுமே அவை. இவ்வாய்வு உண்மையில் எதை நிறுவியது, எதை நிறுவவில்லை என்பதை இங்கே ஆராய்வோம்.

குழாயும் அழுத்தமும்

முதலில் இதயத்திற்கும் மூளைக்கும் உள்ள உறவைக் காண்போம். மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை அது பெற்றுக்கொள்கிறது. உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இத்தனை பெரிய செலவுக்குத் தக்க சேமிப்பு அதனிடம் இல்லை. குருதி ஓட்டம் சில நிமிடங்கள் நின்றாலும் மூளை அணுக்கள் மடியத் தொடங்கும்.

பெருந்தமனி மீள்தன்மை உடைய ஒரு குழாய். இதயம் சுருங்கும்போது அது விரிந்து குருதியை ஏற்கிறது. இதயம் தளரும்போது தான் சுருங்கி அக்குருதியை முன்னே தள்ளுகிறது. இதனால் விட்டு விட்டு வரும் பாய்ச்சல் நுண்நாளங்களை அடையுமுன் சீரான ஓட்டமாக மாறுகிறது. பல்லாண்டுகள் உயர் அழுத்தத்திற்கு உட்பட்ட தமனியோ விறைத்துப் போகிறது. நாடித் துடிப்பின் அலை இளைஞரின் தமனியில் நொடிக்கு 5 அல்லது 6 மீட்டர் வேகத்தில் செல்லும். விறைத்த தமனியில் அது 10 மீட்டரையும் தாண்டும். அப்போது துடிப்பின் அதிர்ச்சி தணியாமலேயே மூளையின் மெல்லிய நாளங்களைச் சென்று தாக்குகிறது. அடிபட்ட நாளங்களின் சுவர் தடித்து, உட்புறம் குறுகுகிறது.

குறுகுவதன் விளைவைப் பாய்சொய் விதி கொண்டு மதிப்பிடலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நுண்குழாய் வழியே நீரைச் செலுத்தி நாம் சரிபார்க்கும் இவ்விதி, நாளங்களில் குருதி ஓடும் முறையை அறிய விரும்பிய ஒரு மருத்துவரின் உழைப்பால் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் 0.9 × 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.66 பங்காகிறது. மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விட்டது! உயிருள்ள நாளம் கண்ணாடிக் குழாய் அன்று. அது விரிந்து ஈடுகட்ட முயலும். ஆனால் தடித்து விறைத்த நாளத்திற்கு அந்த ஆற்றலும் குறைவு.

மூளையின் உட்பகுதியில் உள்ள வெண்பொருள், ஒரு பகுதியை மற்றொரு பகுதியுடன் இணைக்கும் நரம்பு இழைகளால் ஆனது. அங்குச் செல்லும் நுண்நாளங்கள் பழுதுபட்டால் சிறு சிறு தழும்புகள் தோன்றுகின்றன. காந்த ஒத்ததிர்வுப் படத்தில் இவை வெண்மையான திட்டுகளாகத் தெரியும். ஆகவே இரத்த அழுத்தம் அறிவாற்றலைப் பாதிக்கக்கூடும் என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. ஆனால் காரணம் இருப்பது வேறு, சான்று இருப்பது வேறு.

ஆய்வின் அமைப்பு

ஸ்பிரின்ட் ஆய்வில் 2010 முதல் 2013 வரை 9,361 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் 50 வயதைக் கடந்தவர்கள்; சுருங்கழுத்தம் 130 மி.மீ. பாதரசத்திற்குக் குறையாதவர்கள். நீரிழிவு உள்ளவர்களும் முன்பே பக்கவாதம் கண்டவர்களும் சேர்க்கப்படவில்லை. குலுக்கல் முறையில் இவர்கள் இரு பிரிவினர் ஆக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அழுத்தத்தை 140-க்குக் கீழே வைப்பது இலக்கு. மற்றப் பிரிவினருக்கு 120-க்குக் கீழே.

2015 ஆகஸ்டில் ஆய்வின் சிகிச்சைப் பகுதி திடீரென நிறுத்தப்பட்டது. தோல்வியால் அன்று, வெற்றியால்! 120 இலக்குப் பிரிவில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் முதலியவை சேர்ந்து கால் பங்கு குறைந்திருந்தன. எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 27 விழுக்காடு குறைந்திருந்தது. இவ்வளவு நன்மை தெரிந்த பின்னும் மற்றப் பிரிவினரை அதே நிலையில் வைத்திருப்பது அறமன்று என்று முடிவு செய்தனர். அதன் பின் 2018 வரை நினைவுச் சோதனைகள் மட்டும் தொடர்ந்தன. அவற்றின் முடிவு 2019 ஜனவரியில் வெளிவந்தது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

முன்கூட்டியே அறிவித்த முதன்மைக் கேள்வி இது: 120 இலக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோயைக் குறைக்குமா? விடை: 120 பிரிவில் 149 பேருக்கும், 140 பிரிவில் 176 பேருக்கும் அந்நோய் கண்டது. குறைந்துவிட்டது என்று துள்ளத் தோன்றுகிறது அன்றோ? சற்றுப் பொறுங்கள்.

கைகர் எண்ணியைக் கொண்டு கதிரியக்கத் துகள்களை எண்ணியிருக்கும் மாணவர்க்கு ஒரு விதி தெரியும். தற்செயலாக நிகழ்பவற்றை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் பிழை. இரண்டு எண்ணிக்கைகளின் வேறுபாட்டிற்கு, அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம் பிழையாகும். இரு பிரிவிலும் ஆட்கள் ஏறத்தாழச் சமம் என்பதால் இவ்விதியை இங்கே பயன்படுத்தலாம். 149-உம் 176-உம் சேர்ந்து 325. அதன் வர்க்கமூலம் 18. வேறுபாடு 27. அதாவது வேறுபாடு பிழையைப் போல் ஒன்றரை மடங்குதான். இரண்டு மடங்கையாவது எட்டாத வேறுபாட்டை நாம் ஆய்வுக்கூடத்தில் ஏற்பதில்லை. தற்செயலாகவும் இப்படி நேரலாம் என்போம். ஆய்வாளர்களும் நேர்மையாக அதையே எழுதினர். நோய்வீதம் 17 விழுக்காடு குறைந்ததாகத் தோன்றினும், பிழையின் எல்லை 33 விழுக்காடு குறைவு முதல் 4 விழுக்காடு உயர்வு வரை பரவியிருந்தது.

அடுத்து, மறதி நோயாக முற்றாத இலேசான அறிதிறன் குறைபாட்டையும் எண்ணினர். 120 பிரிவில் 287 பேர், 140 பிரிவில் 353 பேர். கூட்டுத்தொகை 640, வர்க்கமூலம் 25, வேறுபாடு 66. இது பிழையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

முதல் நறுக்கை எழுதியவர் செய்தது என்ன? இரண்டாவது கேள்வியின் விடையை எடுத்து முதல் கேள்வியின் இடத்தில் வைத்துவிட்டார். தேர்வில் ஒரு வினாவுக்கு உரிய விடையை வேறொரு வினாவின் கீழ் எழுதிய மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா? பல கேள்விகளைக் கேட்டால் ஏதேனும் ஒன்றுக்குத் தற்செயலாகவே சாதகமான விடை கிடைக்கக்கூடும். அதனால்தான் முதன்மைக் கேள்வி இன்னது என்று ஆய்வுக்கு முன்பே அறிவிக்கிறார்கள்.

இதயத்தின் கடிகாரமும் மூளையின் கடிகாரமும்

ஆனால் 'நிறுவப்படவில்லை' என்பதை 'இல்லை' என்று படிப்பதும் அதே அளவு தவறு. ஸ்பிரின்ட் ஆய்வில் சிகிச்சை நடந்த காலம் சராசரியாக 3 ஆண்டும் 4 மாதமும்தான். நோயுற்றோர் எண்ணிக்கை இருமடங்காகும் வரை, அதே விகிதத்தில் ஆய்வு தொடர்ந்திருப்பதாகக் கொள்வோம். 298-உம் 352-உம் வந்திருக்கும். வேறுபாடு 54; பிழை ஏறத்தாழ 25. இப்போது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது! ஆகவே விடை கிடைக்காமைக்கு ஒரு காரணம், கேள்வியைப் பாதியில் நிறுத்தியதே.

பழைய ஆய்வுகளிலும் இதே கதையைக் காண்கிறோம். 2008-இல் வெளிவந்த 'ஹைவெட்' ஆய்வு 80 வயதைக் கடந்த 3,336 பேரின் நினைவாற்றலைச் சோதித்தது. மாத்திரை உண்டவர்களிடம் பக்கவாதமும் இறப்பும் தெளிவாகக் குறைந்ததால் அதுவும் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. சராசரி 2.2 ஆண்டில் மறதி நோய் பற்றித் திட்டமான விடை எதுவும் கிடைக்கவில்லை. 1998-இல் வெளியான 'சிஸ்ட்-யூர்' என்னும் ஐரோப்பிய ஆய்வோ, மறதி நோய் பாதியாகக் குறைந்ததென அறிவித்துப் புகழ்பெற்றது. ஆனால் அதன் அடிப்படை, 21 பேருக்கு எதிராக 11 பேர். கூட்டுத்தொகை 32; பிழை 5.7, வேறுபாடு 10. மேற்கண்ட நம் விதியின்படி இதுவும் இரண்டு மடங்கை எட்டவில்லை. இந்த ஆய்வும் முன்னதாகவே முடிக்கப்பட்டது. காரணம் பக்கவாதம் குறைந்தது.

இங்குதான் என் முக்கியமான குறை அமைகிறது. இந்த ஆய்வுகள் யாவும் இதயத்தின் கடிகாரத்தைக் கொண்டு மூளையை அளந்தவை. மாரடைப்பும் பக்கவாதமும் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே தம் விடையைக் கூறிவிடுகின்றன. மூளையின் நுண்நாளங்களோ இருபது, முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுகப் பழுதாகின்றன. ஹவாய்த் தீவுகளில் ஜப்பானிய வழிவந்த அமெரிக்க ஆண்களிடம் 1965 முதல் அழுத்தத்தை அளந்து வைத்திருந்தனர். அவர்களுள் 3,735 பேரின் அறிதிறனை 1991 முதல் 1993 வரை சோதித்தனர். நடுத்தர வயதில் சுருங்கழுத்தம் மிகுந்திருந்தவர்களே முதுமையில் அறிதிறன் குன்றியவர்களாக மிகுதியும் காணப்பட்டனர். கால் நூற்றாண்டு கழித்து வெளிப்படும் விளைவு இது. இதனை மூன்றாண்டு ஆய்வில் தேடுவது, காலையில் விதைத்துவிட்டு மாலையில் கதிர் அறுக்கப் போவதைப் போன்றது. சிகிச்சையை நிறுத்திய முடிவு அறத்தின்படி சரியே. ஆனால் இதயம் தன் விடையைச் சொன்னவுடன் ஆய்வு நின்றுவிடும் என்பது முன்னரே தெரிந்த நிலையில், மூளைக்கென நீண்ட ஆய்வு ஒன்றைத் தனியே திட்டமிட்டிருக்க வேண்டும்.

சுருங்கிய மூளை

இனி இரண்டாவது நறுக்கிற்கு வருவோம். ஸ்பிரின்ட் ஆய்வில் 449 பேருக்கு, ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளியில், இருமுறை மூளையைப் படமெடுத்தனர். வெண்பொருளில் தழும்புகளின் கன அளவு 140 பிரிவில் 1.45 கன செ.மீ. கூடியது, 120 பிரிவில் 0.92 கன செ.மீ. மட்டுமே கூடியது. மூளையின் மொத்தக் கன அளவு 140 பிரிவில் 26.9 கன செ.மீ. குறைந்தது, 120 பிரிவில் 30.6 கன செ.மீ. குறைந்தது.

செய்தி எழுதியவர் பின்னதை எடுத்தார், முன்னதை விட்டார். முதுமையில் எல்லோருடைய மூளையும் சற்றுச் சுருங்குகிறது என்பதையும் சொல்லவில்லை. இரு பிரிவுக்கும் உள்ள வேறுபாடு 3.7 கன செ.மீ.; சராசரியாக 1,100 கன செ.மீ.க்கு மேலுள்ள மூளையில் இது 0.3 விழுக்காடு. இதனால் இந்த எண்ணைப் புறக்கணிக்கலாம் என்று நான் கூறவில்லை. இதன் பொருள் இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் சற்றுக் கூடுதலாகச் சுருங்கிய அதே பிரிவினரிடம்தான் அறிதிறன் குறைபாடு குறைவாகக் காணப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அழுத்தம் குறைந்தால் மூளைக்குக் குருதி போதாமல் போகும் என்னும் அச்சம் பழமையானது. முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. அழுத்தம் ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் மூளை தன் நாளங்களைச் சுருக்கியும் விரித்தும் ஓட்டத்தை மாறாமல் காத்துக்கொள்கிறது. நெடுநாள் உயர் அழுத்தம் உள்ளவரிடம் இந்த எல்லையே மேல்நோக்கி நகர்ந்திருக்கும். ஆகவே அவரிடம் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ஸ்பிரின்ட் ஆய்விலும் 120 பிரிவில் மயக்கமுற்று விழுதல், சிறுநீரகம் திடீரெனப் பழுதுபடுதல் ஆகிய தீய விளைவுகள் மிகுந்திருந்தன. இதையும் முதல் நறுக்கு மறைத்துவிட்டது.

எந்த 120?

அளவீட்டைப் பற்றியும் ஒரு சொல். 1896-இல் ரிவா-ரோச்சி கைப்பட்டையை அமைத்தார். 1905-இல் கொரோட்கோவ் அதனுடன் செவிக்குழாயைச் சேர்த்தார். எத்தகைய கருவியாயினும் அளக்கும் முறை பிழைபட்டால் எண்ணும் பிழைபடும். ஸ்பிரின்ட் ஆய்வில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தனர். நெரிசலான மருத்துவமனையில் படியேறி வந்தவுடன் ஒருமுறை அளப்பது பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே அங்கு 120 என்றது, நம் ஊர் மருத்துவர் மேசையில் காணும் 120 அன்று.

கையின் நிலையும் முக்கியம். கைப்பட்டை இதயத்தின் மட்டத்திலிருந்து 13 செ.மீ. தாழ்ந்திருந்தால், அந்த உயரமுள்ள குருதித் தம்பத்தின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். குருதியின் அடர்த்தி 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6, கணக்கிட்டால் 10 மி.மீ. கூடும். பெரியப்பா வீட்டில் ஒரு சிறு மின்கருவி வைத்திருக்கிறார். கையைத் தொங்கவிட்டபடியே அளந்துகொண்டிருந்தார்! மேசைமேல் கையை வைத்து, சற்று ஓய்வெடுத்துவிட்டு அளக்கச் செய்தேன். எண் இறங்கியது, ஆனால் மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அன்று.

சீனச் சிற்றூர்களின் விடை

ஸ்பிரின்ட் விட்ட இடத்தை நிரப்ப ஒரு பெரிய முயற்சி சீனாவில் நடந்தது. 326 சிற்றூர்களில், 40 வயதைக் கடந்த, உயர் அழுத்தமுள்ள 33,995 பேர் அதில் பங்கேற்றனர். பாதிச் சிற்றூர்களில், உயர் பட்டம் பெறாத ஊர் மருத்துவர்களே, வகுத்துத் தந்த முறைப்படி மாத்திரை கொடுத்து, உப்பையும் எடையையும் குறைக்க அறிவுரை கூறி, வீட்டிலேயே அளக்கப் பழக்கினர். மற்ற ஊர்களில் வழக்கமான மருத்துவமே நடந்தது. நான்கு ஆண்டுகளில், முதல் வகை ஊர்களில் மறதி நோய் 15 விழுக்காடு குறைவு என 2025-இல் அறிவித்தனர். பிழையின் எல்லை 5 முதல் 24 விழுக்காடு; 'குறைவே இல்லை' என்னும் நிலை இந்த எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது.

இதிலும் குறை உண்டு. மாத்திரை, உணவு மாற்றம், அடிக்கடி விசாரிக்கும் ஒருவரின் அக்கறை ஆகியன ஒன்றாகவே அளிக்கப்பட்டதால், எது எவ்வளவு பயன் தந்தது என்று பிரித்துக் கூற இயலாது. ஆனால் சிற்றூர் மக்களைப் பொறுத்தவரை இந்தக் குறையே ஒரு நற்செய்தி. பெருநகர் மருத்துவமனையும் படக்கருவியும் இன்றியே இப்பயன் கிடைத்தது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரப்பட்டதை நினைக்கும்போது, இத்தகைய பணி இதயத்தோடு நினைவையும் காக்கக்கூடும் என்பது உவகை தருகிறது.

முடிவாக

பெரியப்பாவிடம் நான் கூறியது இதுதான். இரண்டு நறுக்குகளும் பொய்யல்ல, இரண்டும் பாதி. ஸ்பிரின்ட், மறதி நோய் குறையும் என்பதை நிறுவவில்லை. இலேசான குறைபாடு குறையும் என்பதற்கு நல்ல சான்று தந்தது. சீன ஆய்வு மறதி நோய்க்கும் சான்று சேர்த்தது. அழுத்தம் குறைவதால் அறிவு குன்றும் என்பதற்கு இவற்றில் சான்று இல்லை. எந்த அளவுக்குக் குறைப்பது என்பது அவரவர் வயது, சிறுநீரகம், மயக்கம் வரும் இயல்பு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. செய்தித்தாள் நறுக்கைப் பார்த்து நாமே முடிவு செய்வதன்று. நிறுத்திய மாத்திரையை மீண்டும் தொடங்குவதையும் அவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

பெரியப்பா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பழைய மாணவர்கள் வழியில் வணக்கம் சொல்கிறார்கள். முகம் தெரிகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. மாத்திரை உண்டால் அந்தப் பெயர்கள் திரும்பி வருமா?" என்று கேட்டார். இந்த ஆய்வுகளில் ஒன்றும் அதற்கு உறுதி தரவில்லை. புதிதாக நோயுறுவோர் எண்ணிக்கை குறைந்ததையே அவை அளந்தன. இழந்தது மீண்டதாகக் கூறவில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை இருவரும் மருத்துவரைப் பார்க்கச் சென்றோம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையாருக்கு இப்போது நாற்பதோ நாற்பத்தைந்தோ இருக்கும். மூளையின் கடிகாரப்படி பார்த்தால், கவனிக்க வேண்டிய வயது அதுவே. அவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் செய்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒருமுறை அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.